கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்கள்: அம்மாவை எப்படி அழைத்துப் போவது, டாக்டரிடம் என்ன கேட்பது?

கேள்வி கேட்டிருப்பவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண். அம்மாவுக்கு 47 வயது, காங்கயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். எட்டு மாதமாக மாதவிலக்கு பத்துப் பன்னிரண்டு நாள் நீள்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது. ரத்தம் (ஹீமோகுளோபின்) 7.8 பாயின்ட். ஸ்கேனில் ‘பல்க்கி யூட்ரஸ்’, 3 செ.மீ. நார்க்கட்டி என்று எழுதியிருக்கிறது. ஒரு கிளினிக்கில் ஐந்தே நிமிடத்தில் ‘எடுத்துடலாம்’ என்று சொல்லிவிட்டார்கள். ஆவணியில் தம்பி கல்யாணம். அதற்குள் முடித்துவிடலாம் என்று பெரியப்பா தெரிந்த ஆஸ்பத்திரியில் பேசியும் வைத்துவிட்டார். அம்மாவோ ‘இனி அது எதுக்குக் கண்ணு, எடுத்துப் போட்டுட்டா நிம்மதி’ என்கிறார். ஆனால் உள்பரிசோதனை என்றாலே நடுங்குகிறார். எடுக்கத்தான் வேண்டுமா? இன்னொரு டாக்டரிடம் போனால் என்ன பேசுவது?

நான் டாக்டர் இல்லை. ஈரோடு, கோபி பக்கம் 31 வருடம் நர்ஸாக இருந்தவள், அதில் பாதிக்கு மேல் பெண்கள் ஓ.பி.யில். சில வருடம் அரசாங்கத்தில், மீதி தனியாரில். திரைக்கு இந்தப் பக்கம் நின்று பெயர் கூப்பிட்டிருக்கிறேன், அந்தப் பக்கம் நின்று கையைப் பிடித்துக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

முதலில் நேர் பதில். அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரலாம். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ஏன் உதிரம் போகிறது என்று இன்னும் யாரும் தேடிப் பார்க்கவில்லை. 45 வயதுக்கு மேல் இப்படிப் போனால் கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் முறை. பயாப்சி என்பார்கள், நம் ஊரில் ‘டி.என்.சி. பண்ணி அனுப்பறது’ என்பார்கள். அது நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. தைராய்டும் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்த இரண்டும் இல்லாமல் ஆபரேஷன் தேதி குறிப்பது, ஜாதகம் பார்க்காமல் மண்டபம் பிடிப்பது மாதிரி.

இன்னொன்று, 7.8 என்பது கடுமையான ரத்தசோகை. ஆபரேஷன் உண்டோ இல்லையோ, உதிரத்தை நிறுத்தும் மாத்திரையும் ரத்தம் ஏறுவதற்கான வைத்தியமும் இந்த வாரமே தொடங்க வேண்டும். அவசரம் அதில்தான், ஆவணியில் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்துபோவது இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.

இனி டாக்டரிடம் போவதைப் பற்றி. தோட்டத்து வீடுகளில் ஒன்று கவனித்திருப்பீர்கள். மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதியை மாசக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பார்கள். கன்று போடும் நாளை எண்ணி இன்னொரு வட்டம். சொசைட்டிப் பால் கணக்கும் அதே தாளில். அந்த வீட்டு அம்மாவிடம் ‘கடைசியா எப்பங்க தூரமானீங்க?’ என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார். ‘பூச்சாட்டுக்கு முந்தின வாரமுங்களா… இல்லீங்க, அதுக்குப் பொறவு ஒருக்கா வந்துச்சுங்க’ என்று இழுப்பார். டாக்டர் அந்த நேரத்தில் அடுத்த சீட்டை எடுத்துவிடுவார். அம்மாவின் கணக்கையும் அதே காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். ஆரம்பித்த தேதி, நின்ற தேதி, ஒரு நாளில் எத்தனை பேட் அல்லது எத்தனை துணி, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருந்ததா, கட்டி சுண்டைக்காய் அளவா நெல்லிக்காய் அளவா. ‘ரொம்பப் போகுதுங்க’ என்று சொன்னால் டாக்டர் காதில் ஏறாது, தினம் பத்துப் பேர் அதையே சொல்வார்கள். ‘மூணாம் நாள் ராத்திரி நாலு தடவை மாத்துனேன், நெல்லிக்காய்த் தண்டி கட்டி’ என்றால் பேனா நிற்கும்.

காலண்டரிலேயே இன்னொன்றையும் எழுத வேண்டும்: மாத்திரை. இது நம் பக்கத்துக்கே உரிய சங்கதி. மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டால், பங்குனியில் பண்ணாரிக் குண்டம் வந்துவிட்டால், வீட்டில் ஒரு கல்யாணம் என்றால், மெடிக்கலில் ‘தள்ளிப் போடுற மாத்திரை’ வாங்கிச் சாப்பிடாத பெண் எத்தனை பேர்? அது ஹார்மோன் மாத்திரை. நிறுத்தின இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், சிலருக்குக் கொட்டித் தீர்க்கும். வருடத்தில் மூன்று நான்கு தடவை இப்படித் தள்ளிப் போட்டவர் டாக்டரிடம் ‘மாசம் முன்னப் பின்ன வருதுங்க, ரெண்டு தடவ வருதுங்க’ என்பார். மாத்திரை பற்றிக் கேட்டால் ‘அதெல்லாம் ஒண்ணும் சாப்புடலீங்க’. சாமி காரியத்துக்குச் சாப்பிட்டதை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைப் பாவம் மாதிரி மறைக்கிறவர்களும் உண்டு. உங்கள் தம்பி கல்யாணத்துக்கென்று அம்மாவிடம் யாராவது இப்போதே அந்த யோசனையைச் சொல்லியிருப்பார்கள். இத்தனை உதிரப்போக்கு இருக்கும்போது கடையில் வாங்கிச் சாப்பிடவே கூடாது, டாக்டரிடம் கேட்டுத்தான்.

நீங்கள் பனியன் கம்பெனி என்பதால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. வயிற்றுவலிக்கு சூப்பர்வைசர் கையிலிருந்து பெயர் இல்லாத மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் கார்மென்ட் ஆலைகளில் இருப்பது 2019இல் செய்தியாகவே வந்தது. அட்டை இல்லாத மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். என்ன சாப்பிட்டோம் என்று பின்னால் டாக்டரிடம் சொல்லக்கூட முடியாது.

யார் கூடப் போவது என்பது அற்ப விஷயம் போலத் தெரியும். என் அனுபவத்தில் பாதி வைத்தியம் அதில்தான் கெட்டுப்போகிறது. ஒரு மருமகள், முப்பது வயது இருக்கும், மாமியார் கூட வந்திருந்தார். டாக்டரம்மா எதைக் கேட்டாலும் பதில் மாமியாரிடமிருந்து. ‘எத்தனை நாளா வெள்ளைப்படுது?’ ‘அதொண்ணுமில்லீங்க, சூடு. இளநி குடிச்சாச் செரியாப் போயிரும், நாந்தான் எதுக்கும் காட்டிரலாம்னு கூட்டியாந்தேன்.’ அந்தப் பெண் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். நான் மாமியாரை ‘கீழ போயி பில் போட்டுட்டு வந்துருங்கம்மா’ என்று அனுப்பினேன். பில்லெல்லாம் ஒன்றும் அவசரமில்லை, எங்களுக்குள் அது ஒரு தந்திரம். கதவு சாத்தியதும் இரண்டு நிமிடத்தில் எல்லாம் வந்தது: சேரும்போது வலி, அதற்குப் பிறகு ரத்தம் படுவது, புருஷனுக்கும் அரிப்பு இருப்பது. உறவுக்குப் பிறகு ரத்தம் என்ற ஒரே வார்த்தையால் அன்றைக்குப் பரிசோதனையே வேறாகிவிட்டது. மாமியார் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. நல்லெண்ணத்தில்தான் அழைத்து வந்தார். அவர் இருக்கும் அறையில் இந்தப் பேச்சு வராது, அவ்வளவுதான்.

அதனால் பெரியப்பா வேண்டாம். நீங்கள் போங்கள், ஆனால் நீங்களும் ஒரு கட்டத்தில் வெளியே வாருங்கள். ‘எங்கம்மா உங்ககிட்டத் தனியாப் பேசட்டும்’ என்று நீங்களே சொல்லிவிட்டால் டாக்டர் சந்தோஷப்படுவார். மகளிடம் சொல்லக் கூசுகிற விஷயம் ஒன்றாவது அம்மாவிடம் இருக்கும். இந்த வயதில் அதிகம் ஒளிந்திருப்பது சிறுநீர்: இருமினால் தும்மினால் ஒழுகுவது. கூடவே அடி இறங்குவது, அதாவது கர்ப்பப்பை கீழே சரிவது. தண்ணீர்க் குடமும் தீவன மூட்டையும் தூக்கியே வாழ்ந்தவர்கள், ‘என்னமோ அடியில தட்டுப்படுது’ என்பதைப் பதினைந்து வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைப்படுதலைப் பற்றியும் ஒரு பயம், எலும்பு உருகி வருகிறது என்று. எலும்பு உருகுவதில்லை. நாற்றமோ அரிப்போ தயிர் மாதிரித் திரிந்தோ இருந்தால் கிருமித்தொற்று, அதற்கு மருந்து உண்டு. மாதத்தின் நடுவில் வழுவழுப்பாக வருவது இயல்பு.

உள்பரிசோதனை. அம்மாவின் பயம் நியாயமானது, ஏனென்றால் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். சேலை கட்டிப் போவது நல்லது. சுடிதார் என்றால் முழுக்கக் கழற்ற வேண்டும், சேலை என்றால் மேலே ஒதுக்கினால் போதும், மேலே ஒரு துணி போர்த்துவார்கள். முன்பே ஒன்றுக்குப் போய்விட வேண்டும். முட்டியை மடக்கி, பாதங்களைச் சேர்த்து, முழங்காலை இரண்டு பக்கமும் விட்டுப் படுக்க வேண்டும். வாத்து அலகு மாதிரி ஒரு கருவி வைத்து உள்ளே கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள், பிறகு கையுறை போட்ட இரண்டு விரலால் உள்ளேயும் மற்றக் கையால் அடிவயிற்றிலும் அழுத்திப் பார்ப்பார்கள். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நிமிடம். மூச்சைப் பிடித்தால் தசை இறுகும், கருவி வலிக்கும். வாயால் மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். ‘சின்னதா வையுங்க’, ‘சித்தெ நிறுத்துங்க’ என்று சொல்லலாம், நிறுத்துவார்கள். நிறுத்தாவிட்டால் அது நல்ல இடமில்லை. ஆண் டாக்டராக இருந்தால் கூடவே ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டியலிலேயே இருக்கிறது. ஷேவ் பண்ணவில்லையே, இன்றைக்குத் தலைக்கு ஊற்றவில்லையே என்று மன்னிப்புக் கேட்பவர்களை நூற்றுக்கணக்கில் பார்த்தாயிற்று. எந்த டாக்டரும் அதைப் பார்ப்பதில்லை.

ஸ்கேனுக்கும் ஒரு குறிப்பு. வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதற்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், உள்வழி ஸ்கேனுக்குக் காலியாக இருக்க வேண்டும். எது என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை லிட்டர் குடித்துவிட்டு, நெளிந்துகொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கடைசியில் ‘போயிட்டு வந்துருங்கம்மா’ என்று அனுப்பப்பட்டவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

என் கதையையும் சொல்கிறேன். 44 வயதில் எனக்கும் இதே உதிரப்போக்கு. வேலை பார்த்த இடத்தில் காட்டக் கூச்சம், வேறு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் எதற்கு. படுக்கச் சொன்னார்கள், கதவு பாதி திறந்திருந்தது, ஃபைல் எடுக்க ஒரு பையன் உள்ளே வந்து போனான். கருவி வைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து உட்காருவதற்குள் டாக்டர், ‘ரெண்டு புள்ளை இருக்குதல்ல, அப்புறம் எதுக்கு யோசனை? கர்ப்பப்பை வாயில புண்ணு இருக்கு. உட்டா கேன்சராயிரும்’ என்றார். நான் தலையை ஆட்டினேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அத்தனை வருடம் மற்றவர்களுக்குக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவள். அந்த மேசையில் படுத்தால் படிப்பு, உத்தியோகம் எல்லாம் தரையில் கழற்றிப் போட்ட செருப்போடு நின்றுவிடுகிறது. வேறிடத்தில் பயாப்சி எடுத்தேன், ஹார்மோன் ஏற்றத்தாழ்வு என்று வந்தது. கர்ப்பப்பைக்குள் இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஹார்மோன் விடும் ‘ஹார்மோன் லூப்’ வைத்தார்கள். 50 வயதில் மாதவிலக்கு தானாகவே நின்றது. கர்ப்பப்பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, தொந்தரவும் இல்லை, அதனால் பெரிய லாபமும் இல்லை.

அந்தப் ‘புண்ணு’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை வாயின் உள்பக்கத் தோல் வெளியே கொஞ்சம் புரண்டு சிவப்பாகத் தெரிவதைத்தான் பல இடங்களில் புண் என்கிறார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கும் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது சாதாரணம். புற்றுநோயா என்று பார்க்க, அந்த வாயிலிருந்து தேய்த்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் இருக்கிறது, அந்தப் புற்றை வரவைக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. சோதனை இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அசிட்டிக் அமிலம் தடவி வெள்ளையாகிறதா என்று இலவசமாகப் பார்க்கிறார்கள், 30 வயதுக்கு மேல் எல்லோருக்கும். பரிசோதனை சரி என்றால் புண்ணுக்காகக் கர்ப்பப்பையை எடுப்பது தேவையற்றது.

‘பல்க்கி யூட்ரஸ்’ அடுத்தது. கர்ப்பப்பை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்பதுதான் பொருள். இரண்டு மூன்று பிரசவம் ஆனவர்களின் ரிப்போர்ட்டில் பாதிக்கு அது இருக்கும். அது நோயின் பெயர் இல்லை. நார்க்கட்டிக்கு வந்தால், ‘கட்டி’ என்றதும் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். நார்க்கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது. மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் சுருங்கும். அளவைவிட இடம்தான் முக்கியம்: உள்சவ்வை ஒட்டி ஒரு செ.மீ. கட்டி இருந்தாலும் கொட்டும், வெளிப்பக்கம் எலுமிச்சை அளவு தொங்கினாலும் ஒரு சொட்டுக்கூட அதனால் வராது. அம்மாவின் 3 செ.மீ. எங்கே இருக்கிறது? ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும், டாக்டரிடம் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் கேமரா விட்டு அதை மட்டும் எடுத்துவிட முடியும்.

பயாப்சியில் கெட்டது எதுவும் இல்லை என்று வந்தால் வழிகள் இருக்கின்றன. உதிரம் போகும் நாள்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை ஒன்று. முன்பு காலில், நுரையீரலில் ரத்தம் உறைந்தவர்களுக்கு அது ஆகாது, கட்டாயம் சொல்ல வேண்டும். ஹார்மோன் மாத்திரை. பிறகு நான் சொன்ன ஹார்மோன் லூப். இதன் பெயரைச் சொன்னாலே ‘அய்யோ லூப்பா, அதுனாலதான் எங்க நங்கையாளுக்கு அப்பிடிப் போச்சு’ என்பார்கள். அவர்கள் சொல்வது கருத்தடைக்கு வைக்கும் காப்பர்-டி, அது உதிரத்தைக் கூட்டும். ஹார்மோன் லூப் குறைக்கும், பலருக்கு நிறுத்தியே விடும், ஐந்து வருடத்துக்கு மேல் தாங்கும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டிருக்கும். இதை முன்பே சொல்லாமல் வைத்துவிட்டால் இரண்டாம் மாதமே வந்து ‘எடுத்துருங்க’ என்பார்கள். தைராய்டு குறைவாக இருந்தால் அதற்கு மாத்திரை போட்டதுமே உதிரம் அடங்கியவர்களும் உண்டு. சோமனூர்ப் பக்கமிருந்து வந்த தறிக்காரப் பெண் ஒருவர் மூன்று இடங்களில் ஆபரேஷனுக்குச் சொல்லி அட்மிஷன் வரை போனவர். கடைசியில் அவர் தினம் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டியிருந்தது ஒரு சின்ன மாத்திரை.

ரத்தம் ஏற முருங்கைக்கீரை, கம்மஞ்சோறு, பேரீச்சம்பழம் என்று எல்லோரும் சொல்வார்கள். சாப்பிடட்டும். ஆனால் 7.8ஐக் கீரை மட்டும் தூக்கிவிடாது. இரும்பு மாத்திரையை டீயோடு சாப்பிட்டால் உடம்பில் சேராது, நெல்லிக்காய் அல்லது எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படக் கூடாது. இந்த அளவுக்குப் பெரும்பாலும் நரம்பு வழியாக இரும்பு ஏற்றச் சொல்வார்கள், மூன்று நான்கு வாரத்தில் நல்ல ஏற்றம் தெரியும். வாசலில் கோலம் போட்டுவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவர் நேராக நடந்து வருவதைப் பார்ப்பீர்கள். அப்போது அம்மாவிடம் மறுபடி கேளுங்கள், ‘எடுத்துப் போட்டுடலாமா’ என்று. களைப்பில் சொல்லும் பதிலும் தெம்பில் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்காது.

எடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கர்ப்பப்பையின் தசைக்குள்ளேயே உள்சவ்வு வளரும் அடினோமயோசிஸ் என்று ஒன்று. பத்து வருடம் அந்த வலியோடு சாளை (தோட்டத்து வீடு) வேலை, சந்தை, பண்ணையம் எல்லாம் பார்த்த ஒருவர் ஆபரேஷன் முடிந்து ஆறாம் வாரம் வந்து, ‘இதைய அன்னைக்கே எடுத்திருக்கோணுமுங்க சிஸ்டர்’ என்றார். இன்னொருவர், 55 வயது. நின்று மூன்று வருடம் ஆன பிறகு லேசாக ரத்தம் பட்டது. ‘மறுபடி வயசு திரும்புதாட்ட இருக்குது’ என்று பக்கத்து வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டார்களாம். எட்டு மாதம் கழித்து வந்தார். புற்று, நல்லவேளை ஆரம்பக் கட்டம், எடுத்தார்கள், நன்றாக இருக்கிறார். ஒரு வருடம் முழுக்க வராமல் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அதைக் காட்ட வேண்டும்.

எடுக்கத்தான் வேண்டும் என்று காரணத்தோடு சொன்னால், அடுத்த கேள்வி சினைப்பை, கருமுட்டை உண்டாகும் இடம். ‘கர்ப்பப்பையை எடுக்கறாங்க’ என்ற ஒரே சொல்லுக்குள் இதுவும் சேர்ந்தே போய்விடுகிறது. 47 வயதில் இரண்டு சினைப்பையையும் எடுத்தால் மறுநாளே மாதவிலக்கு நின்ற உடம்பு: திகுதிகுவென்று எரிச்சல், தூக்கமின்மை, எலும்பு சீக்கிரம் பலமிழப்பது. அதில் கோளாறு இல்லை என்றால் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். எந்த வழியாக ஆபரேஷன் என்பதும் கேட்க வேண்டும். வயிற்றைக் கிழித்து, கீழ்வழியாக, துளை போட்டு என்று மூன்று உண்டு, ஆஸ்பத்திரியில் தங்கும் நாள் மாறும். எந்த வழியானாலும் ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது. ஆவணிக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா சீர் சாமான் தூக்காமல், ஒறம்பரைக்கு (உறவினர்களுக்கு) பந்தியில் நின்று பரிமாறாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரா? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் சட்டம் அம்மாவின் பக்கம் இருக்கிறது. தில்லியில் ஒரு பெண்ணுக்கு உள்ளே கேமரா விட்டுப் பார்க்க மட்டும் சம்மதம் வாங்கி, மயக்கத்தில் இருக்கும்போது வெளியே இருந்த அவர் அம்மாவிடம் கேட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்கான சம்மதம் ஆகாது, உயிருக்கு ஆபத்தில்லாதபோது பெற்ற தாயே ஆனாலும் அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்புச் சொன்னது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலிலும் உத்தரவிட்டது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. கூலி நாள் கெடக் கூடாது என்பது அங்கே காரணம். இங்கே கல்யாணத் தேதி கெடக் கூடாது.

இரண்டாவது டாக்டரிடம் கேட்டால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். கேஸ் ஷீட், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றின் நகலும் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. காரணம் சொல்லத் தேவையில்லை.

செலவு. உங்கள் சம்பளம் 21,000க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும். உங்களை நம்பி வாழும் அம்மாவையும் அந்தக் கார்டில் சேர்க்க முடியும், சேர்த்திருக்கிறீர்களா என்று கம்பெனி ஆபீசில் பாருங்கள். சேர்த்தால் கோவை சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வரை கதவு திறக்கும். இல்லாவிட்டால் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2022 ஜனவரியில் தொடங்கிய கல்லூரி. பெருந்துறை, கோவை பெரியாஸ்பத்திரி உண்டு. வரிசை நீளம்தான், திங்கள்கிழமை போகவே போகாதீர்கள். ஆனால் பயாப்சி, தைராய்டு, ஸ்கேன் மூன்றும் அங்கேயே எடுத்துவிடலாம், கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வதில் யாருக்கும் பெரிய ஆதாயமும் இல்லை. தனியாரிலும் அருமையான டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் நான் தொழிலே கற்றேன். அடையாளம் சொல்கிறேன்: முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், ஸ்கேன் தாளைப் பிறகுதான் கையில் எடுப்பார்கள்.

பயாப்சி ரிசல்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை பெரியப்பா தினம் போன் பண்ணுவார். ‘இரும்பு ஏத்திட்டு இருக்கறாங்க, ரிசல்ட் வரட்டும், அம்மாவே சொல்லுவாங்க பெரியப்பா’ என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள்.